ஆக்சான் சிதைவும் மரபணுவும்: முதுமைக் கண், மூளை நோய்கள் குறித்துச் சுண்டெலி மாதிரிகள் உணர்த்துவன

ஆய்வுச் சுருக்கம்

முதுமையில் கண்ணையும் மூளையையும் தாக்கும் சிதைவு நோய்களில் நரம்பணுக்கள் எவ்வாறு அழிகின்றன என்பதை அறிய விலங்கு மாதிரிகள் பெரிதும் பயன்படுகின்றன. தற்செயலாகக் கண்டறியப்பட்ட மெதுச்சிதைவுச் சுண்டெலி, மரபுவழியில் கண் அழுத்த நோய்க்கு உள்ளாகும் டி.பி.ஏ/2ஜே சுண்டெலி ஆகிய இரண்டையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, ஆக்சான் சிதைவின் மரபியலை இக்கட்டுரை விளக்குகிறது. ஆக்சானின் அழிவும் செல் உடலத்தின் அழிவும் வெவ்வேறு மரபணுக்களால் நெறிப்படுத்தப்படுகின்றன என்பதும், விலங்கு மாதிரியானது மனித நோயின் தொடக்கக் காரணத்தைக் காட்டாதபோதும் சிதைவு நிகழும் வழியைக் காட்ட வல்லது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன. மாதிரிகளின் எல்லைகளும் அவற்றின் முடிவுகளை மனிதருக்குப் பொருத்தும்போது மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கையும் சுட்டப்படுகின்றன.

குறிச்சொற்கள்: ஆக்சான், கண் அழுத்த நோய், சுண்டெலி மாதிரி, சார்ம்-1, என்மனாட்-2, நிக்கோட்டினமைடு, முதுமை.

முன்னுரை

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய், உலகில் மீளாப் பார்வையிழப்பை உண்டாக்கும் நோய்களுள் முதன்மையானது. 2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 7.6 கோடிப் பேர் இந்நோய்க்கு உள்ளாகியிருப்பர் என மதிப்பிடப்பட்டது. வயது கூடக்கூட இந்நோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைப்பதே இன்றுள்ள மருத்துவம். சொட்டு மருந்து, லேசர், அறுவை மருத்துவம் ஆகிய மூன்றும் இவ்வொரு நோக்கத்தையே கொண்டவை. ஆயினும் அழுத்தம் கட்டுக்குள் வந்த பின்னரும் சிலருக்குப் பார்வை தொடர்ந்து குறைகிறது. அழுத்தம் இயல்பான அளவில் இருப்பவர்களுக்கும் இந்நோய் தோன்றுவதுண்டு.

எனவே, அழுத்தம் ஏன் உயர்கிறது என்னும் வினாவோடு, பார்வை நரம்பின் இழைகள் எவ்வாறு அழிகின்றன என்னும் வினாவும் எழுகிறது. இவ்விரண்டாம் வினாவிற்கு உயிருடன் உள்ள மனிதக் கண்ணில் விடை தேடுதல் அரிது. நோயாளியின் பார்வை நரம்பை வெட்டியெடுத்து ஆராய இயலாது. ஒரு மரபணுவை நீக்கிவிட்டு என்ன நிகழ்கிறது எனப் பார்க்கவும் இயலாது. இவ்விடத்திலேயே விலங்கு மாதிரிகளின் தேவை எழுகிறது.

கண்ணும் மூளையும்

கண்ணின் விழித்திரை கருவளர்ச்சியின்போது முன்மூளையிலிருந்து புடைத்து வளரும் பகுதியாகும். ஆதலின் பார்வை நரம்பு, கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளைப் போன்றதன்று. அது மைய நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதி. அறுபட்டால் தானாக மீண்டும் வளராத தன்மையும் அதற்கு உண்டு.

விழித்திரையின் உட்புற அடுக்கிலுள்ள கேங்கிலியான் செல்களின் ஆக்சான்களே ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகின்றன. மனிதரின் ஒரு பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் ஆக்சான்களும், சுண்டெலியின் பார்வை நரம்பில் ஏறத்தாழ 50,000 ஆக்சான்களும் உள்ளன. செல் உடலம் கண்ணுக்குள் இருக்க, ஆக்சான் கண்ணைவிட்டு வெளியேறி மூளையைச் சென்றடைகிறது. ஒரே செல்லின் ஒரு முனை கண்ணிலும் மறு முனை மூளையிலும் அமைந்திருப்பதால், இச்செல்லின் அழிவைப் பற்றிய அறிவு இரு துறைகளுக்கும் பொதுவாகிறது. நீண்ட ஆக்சானைக் கொண்ட நரம்பணுக்கள் பார்க்கின்சன் நோய், இயக்க நரம்பணு நோய் முதலியவற்றிலும் பாதிக்கப்படுகின்றன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மெதுச்சிதைவுச் சுண்டெலி

நரம்பு அறுபட்டால் செல் உடலத்தோடு தொடர்பிழந்த பகுதி சிதைந்துபோகும் என்பதைத் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்து ஆராய்ந்த அகஸ்டஸ் வாலர் 1850 இல் விவரித்தார். அவர் பெயராலேயே இது வாலரியச் சிதைவு என வழங்கப்படுகிறது. செல் உடலத்திலிருந்து வரும் ஊட்டம் நின்றுபோவதால் ஆக்சான் வாடி மடிகிறது என்பதே இதற்கு நெடுங்காலம் கூறப்பட்ட விளக்கம். வேரிலிருந்து வெட்டப்பட்ட கிளை உலர்வதைப் போன்ற, தடுக்க இயலாத ஓர் இயல்பான விளைவாகவே இது கருதப்பட்டது.

இக்கருத்தை மாற்றியது எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பாகும். இங்கிலாந்தில் வளர்க்கப்பட்ட சி57பி.எல்/6 இனவகையின் ஒரு கிளைச் சுண்டெலிகளில், அறுபட்ட நரம்பு ஓரிரு நாள்களில் சிதையாமல் இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை உருக்குலையாது இருந்ததை ஹியூ பெர்ரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1989 இல் வெளியிட்டனர். சிதைவை அகற்ற வரும் வெள்ளணுக்களில் குறை இருக்கலாம் என முதலில் ஐயுறப்பட்டது. ஒரு சுண்டெலியின் நரம்புத் துண்டை மற்றொன்றில் ஒட்டிச் செய்த சோதனைகள், இப்பண்பு ஆக்சானுக்கே உரியது என்பதை உறுதிப்படுத்தின.

செல் உடலமின்றி ஆக்சான் வாரக்கணக்கில் நிலைத்திருக்க இயலுமெனில், ஊட்டமின்மை மட்டும் அதன் அழிவுக்குக் காரணமாகாது. இயல்பான சுண்டெலியில் ஆக்சானை விரைந்து அழிக்கும் ஏதோவொரு செயல்முறை இயங்குகிறது என்பதும், இச்சுண்டெலியில் அது தடைப்பட்டுள்ளது என்பதும் இதனால் பெறப்பட்டன.

இப்பண்பிற்குரிய திடீர்மாற்றம் நான்காம் குரோமோசோமில் இருந்தது. அங்கு 85 கிலோகாரம் நீளமுள்ள டி.என்.ஏ. பகுதி ஒன்று மும்முறை அடுத்தடுத்து அமைந்திருந்தது. அவ்வாறு அமைந்ததில் இரு மரபணுக்கள் இணைந்து ஒரு புதிய கலப்புப் புரதம் தோன்றியது. அதில் ஆக்சானைக் காக்கும் ஆற்றல், என்மனாட்-1 என்னும் நொதியின் பகுதிக்கு உரியது. இந்நொதி, செல்லின் ஆற்றலாக்கத்திற்கு இன்றியமையாத என்.ஏ.டி. என்னும் மூலக்கூறை உருவாக்குகிறது. இயல்பாக உட்கருவிற்குள் இருக்கும் இந்நொதி, கலப்புப் புரதத்தின் வடிவில் ஆக்சானிலும் இடம்பெற்றதே பாதுகாப்பின் அடிப்படை.

ஆக்சான் அழிவின் மூலக்கூறு வழி

இயல்பான ஆக்சானில் இப்பணியை ஆற்றுவது என்மனாட்-2 என்னும் உறவு நொதி என்பதை ஜோனதன் கில்லியும் மைக்கேல் கோல்மனும் 2010 இல் காட்டினர். இது குறுகிய ஆயுள் கொண்டது. செல் உடலத்தில் உருவாகி ஆக்சானுக்கு இடைவிடாது அனுப்பப்பட வேண்டியது. ஆக்சான் அறுபட்டாலோ அதனுள் நிகழும் கடத்தல் தடைப்பட்டாலோ, முதலில் தீர்ந்துபோகும் பொருள்களுள் இதுவும் ஒன்று.

அடுத்த படி பழ ஈயிலிருந்து கிடைத்தது. அறுபட்ட ஆக்சான்கள் சிதையாத ஈக்களைத் தேடிய மார்க் ஃப்ரீமனின் ஆய்வுக்குழு, சார்ம் என்னும் மரபணு பழுதுற்ற ஈக்களில் அப்பண்பைக் கண்டது. சுண்டெலியில் அதற்கிணையான சார்ம்-1 மரபணுவை நீக்கியபோதும் அதே விளைவு கிட்டியது. இம்முடிவுகள் 2012 இல் வெளிவந்தன. ஈக்கும் சுண்டெலிக்கும் பொதுவான ஒரு மரபணு இதில் பங்குகொள்வதால், இவ்வழி பரிணாமத்தில் மிகத் தொன்மையானது எனக் கருதலாம்.

சார்ம்-1 புரதமே என்.ஏ.டி.யைச் சிதைக்கும் ஒரு நொதி என்பது 2017 இல் தெளிவாயிற்று. ஆக்சானில் என்.ஏ.டி. போதுமான அளவில் உள்ளவரை சார்ம்-1 அடங்கியிருக்கிறது. என்மனாட்-2 குறையும்போது என்.ஏ.டி. குறைகிறது, அதன் முன்பொருளான என்.எம்.என். பெருகுகிறது. இவ்விரண்டின் விகிதம் மாறியதும் சார்ம்-1 விழித்தெழுந்து எஞ்சியுள்ள என்.ஏ.டி.யையும் அழிக்கிறது. ஆற்றலிழந்த ஆக்சான் துண்டு துண்டாகச் சிதறுகிறது.

இவ்விரு மரபணுக்களும் ஒரே வழியின் இரு படிகள் என்பதற்கு மரபியல் தரும் சான்று வலுவானது. என்மனாட்-2 அறவே இல்லாத சுண்டெலிக் குட்டிகள் பிறக்கும்போதே இறந்துவிடுகின்றன. அவற்றில் சார்ம்-1 மரபணுவையும் நீக்கினால் அவை வளர்ந்து முதிர்கின்றன. காக்கும் நொதி இல்லாதபோதும், அழிக்கும் நொதியும் இல்லையெனில் ஆக்சான் பிழைக்கிறது.

டி.பி.ஏ/2ஜே சுண்டெலியும் கண் அழுத்த நோயும்

மேற்கண்ட சான்றுகள் பெரும்பாலும் நரம்பை அறுத்துப் பெறப்பட்டவை. முதுமையில் மெல்ல நிகழும் சிதைவிலும் இவ்வழி இயங்குகிறதா என்பதை அறிய, வயது முதிரும்போது தானாகவே நோயுறும் விலங்கு தேவை. டி.பி.ஏ/2ஜே அத்தகையது. இதன் மூல இனவகையை கிளாரன்ஸ் குக் லிட்டில் 1909 இல் மயிர் நிறத்தின் மரபியலை ஆராயும் பொருட்டு உட்கலப்பின் வழி உருவாக்கத் தொடங்கினார். சுண்டெலி உட்கலப்பு இனவகைகளுள் இதுவே மிகப் பழமையானது.

இதன் கண்நோயை அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் சைமன் ஜானின் ஆய்வுக்குழு விரிவாக ஆராய்ந்தது. நோய்க்கு அடிப்படை இரு மரபணுக்களின் திடீர்மாற்றங்கள். டைர்ப்-1 மரபணுவின் மாற்றம் கருவிழிப்படலத்தின் திசுவை நலிவடையச் செய்கிறது, ஜி.பி.என்.எம்.பி. மரபணுவின் மாற்றம் அதன் நிறமியை உதிரச் செய்கிறது. உதிர்ந்த நிறமித் துகள்கள் கண்ணின் முன்னறை நீர் வெளியேறும் வழியை அடைக்கின்றன. நீர் தேங்கி அழுத்தம் உயர்கிறது. ஆறு முதல் ஒன்பது மாத வயதில் அழுத்தம் கூடத் தொடங்கி, ஏறத்தாழ ஓராண்டு வயதில் பல கண்களில் பார்வை நரம்பு கடுமையாகச் சிதைந்திருக்கும். இச்சுண்டெலியின் பழுப்பு மயிருக்குக் காரணமான அதே டைர்ப்-1 வடிவமே கண்நோய்க்கும் ஒரு காரணமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

இரு மரபணுச் சோதனைகள்

இச்சுண்டெலியில் நிகழ்த்தப்பட்ட இரு சோதனைகளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். முதலாவது 2005 இல் வெளிவந்தது. செல்லின் திட்டமிட்ட இறப்பிற்குத் தேவையான பேக்ஸ் என்னும் மரபணு டி.பி.ஏ/2ஜே சுண்டெலியிலிருந்து நீக்கப்பட்டது. விழித்திரையிலுள்ள செல் உடலங்கள் பிழைத்தன. ஆனால் ஆக்சான்களின் சிதைவை அது தடுக்கவில்லை. உடலம் இருந்தும் மூளையுடனான இணைப்பு இல்லாமையால் அச்செல்லால் பார்வைக்குப் பயனில்லை.

இரண்டாவது 2007 இல் வெளிவந்தது. மெதுச்சிதைவுச் சுண்டெலியின் மரபணு டி.பி.ஏ/2ஜே இனவகைக்குள் கலப்பின் வழி கொண்டுவரப்பட்டது. அழுத்தம் உயர்ந்தபோதும் ஆக்சான்கள் பெருமளவு காக்கப்பட்டன. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்திலேயே ஆக்சான்களுக்கு முதல் ஊறு நேர்கிறது என்பதையும் அவ்வாய்வு சுட்டியது.

இவ்விரு முடிவுகளையும் இணைத்து நோக்கின் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. ஒன்று, ஆக்சான் அழிவும் செல் உடல அழிவும் வெவ்வேறு மரபணுக்களின் ஆளுகைக்கு உட்பட்டவை. மற்றொன்று, அறுபட்ட நரம்பில் கண்டறியப்பட்ட அழிவுவழிக்கும் முதுமை நோயில் மெல்ல நிகழும் சிதைவிற்கும் தொடர்பு உண்டு. விழித்திரையில் செல்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டு ஒரு மருந்து பயனளித்தது என முடிவுசெய்தல் பிழையாகும் என்பதும் இதனால் விளங்கும்.

முதுமையும் என்.ஏ.டி.யும்

இளஞ்சுண்டெலி தாங்கிக்கொள்ளும் அழுத்தத்தை முதிய சுண்டெலி தாங்க இயலாமைக்குக் காரணம் என்ன? டி.பி.ஏ/2ஜே சுண்டெலியின் விழித்திரையில் வயது கூடும்போது என்.ஏ.டி.யின் அளவு குறைகிறது என்பதை 2017 இல் பீட்டர் வில்லியம்சும் சைமன் ஜான் உள்ளிட்டோரும் வெளியிட்டனர். முதுமையால் குறைந்த இருப்பின்மீது உயர் அழுத்தமும் சேரும்போது செல் தாக்குப்பிடிப்பதில்லை.

என்.ஏ.டி.க்கு மூலப்பொருளாகும் நிக்கோட்டினமைடு என்னும் பி3 வைட்டமின் வடிவம் அச்சுண்டெலிகளுக்குக் கொடுக்கப்பட்டது. உடல் எடையில் கிலோவிற்கு நாளொன்றுக்கு 550 மில்லிகிராம் என்னும் அளவு, அழுத்தத்தை மாற்றாமலேயே நரம்பைக் காத்தது. 2,000 மில்லிகிராம் அளவில் 93 விழுக்காட்டுக் கண்களில் பார்வை நரம்புச் சிதைவு காணப்படவில்லை. அழுத்தத்தைக் குறைப்பதற்கு அப்பாலும் ஒரு மருத்துவ வழி இருக்கக்கூடும் என்பதை இம்முடிவு உணர்த்தியது.

மனிதரிலும் தொடக்கநிலைச் சோதனைகள் நடந்துள்ளன. ஆஸ்திரேலியாவில் கண் அழுத்த நோய்க்கு ஏற்கெனவே மருத்துவம் பெற்றுவந்த 57 பேர் பங்கேற்று, 2020 இல் வெளிவந்த சோதனையில், ஆறு வாரங்கள் நாளொன்றுக்கு 1.5 கிராமும் அடுத்த ஆறு வாரங்கள் 3 கிராமும் நிக்கோட்டினமைடு அளிக்கப்பட்டது. விழித்திரையின் உட்புறச் செயல்பாட்டில் முன்னேற்றம் அளவிடப்பட்டது. எனினும் செயல்பாட்டின் குறுகியகால முன்னேற்றம் வேறு. பல ஆண்டுகளில் பார்வையிழப்பு தடுக்கப்படுதல் வேறு. பின்னதை நெடுங்காலச் சோதனைகளே உறுதிசெய்ய வேண்டும்.

மூளை நோய் மாதிரிகள்

இதே அழிவுவழி மூளை நோய் மாதிரிகளிலும் சோதிக்கப்பட்டுள்ளது. டோப்பமின் நரம்பணுக்களை நச்சுப்பொருளால் தாக்கி உண்டாக்கும் பார்க்கின்சன் மாதிரியில், மெதுச்சிதைவு மரபணு ஆக்சான்களைக் காத்தது. தலைக்காயத்திற்கு உள்ளான சுண்டெலிகளில் சார்ம்-1 இல்லாதவை குறைந்த பாதிப்பையே அடைந்தன. ஆயின் எஸ்.ஓ.டி-1 மரபணுவின் மாற்றத்தால் இயக்க நரம்பணு நோயுறும் சுண்டெலிக்கு மெதுச்சிதைவு மரபணு குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை. ஆகவே இவ்வழி எல்லாச் சிதைவு நோய்களுக்கும் பொதுவான ஒரே வழியன்று. எந்நோயில் இது இயங்குகிறது என்பதைத் தனித்தனியே சோதித்தறிய வேண்டும்.

மனித மரபியலும் இத்தொடர்பை ஓரளவு உறுதிப்படுத்துகிறது. என்மனாட்-1 மரபணுவின் மாற்றங்கள், பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் லீபர் விழித்திரை நோயின் ஒரு வகைக்குக் காரணம் என்பது 2012 இல் அறியப்பட்டது. சார்ம்-1 அடங்காது இயங்கும் அரிய மாற்றுவடிவங்கள் இயக்க நரம்பணு நோயாளிகள் சிலரிடம் கண்டறியப்பட்டுள்ளன.

மாதிரிகளின் எல்லைகள்

முதலாவது எல்லை காரண வேறுபாடு. டி.பி.ஏ/2ஜே சுண்டெலியின் நோய்க்குக் காரணமான நிறமி உதிர்வு, மனிதரிடம் பரவலாகக் காணப்படும் கண் அழுத்த நோய்க்குக் காரணமன்று. ஆதலின் நோயின் தோற்றத்தை அறிய இம்மாதிரி உதவாது. அழுத்தம் உயர்ந்தபின் நரம்பு சிதையும் வழியை அறியவே உதவும்.

இரண்டாவது உடலமைப்பு வேறுபாடு. மனிதக் கண்ணில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் கொலாஜன் தகடுகளாலான சல்லடை போன்ற அமைப்பு உள்ளது. சுண்டெலியில் அத்தகைய தகடுகள் இல்லை. துணைச்செல்களின் வலையே உள்ளது. நுண்பார்வைக்குரிய மாகுலா என்னும் பகுதியும் சுண்டெலிக்கு இல்லை.

மூன்றாவது மறைந்துள்ள மரபணுக்கள். மெதுச்சிதைவு மரபணு, இயல்பானது எனக் கருதப்பட்ட சுண்டெலிக் கூட்டத்திலேயே ஒளிந்திருந்தது. அது நற்பயன் தந்தது. ஆனால் இத்தகைய மறைவு பிழைக்கும் வழிகோலும். சி57பி.எல்/6ஜே இனவகையின் ஒரு கிளையில், பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய ஆல்ஃபா-சைனுக்ளீன் மரபணுவே முற்றிலும் இல்லை என்பது 2001 இல் அறியப்பட்டது. சி57பி.எல்/6என் கிளையில் விழித்திரைப் புள்ளிகளை உண்டாக்கும் ஆர்.டி-8 திடீர்மாற்றம் இருப்பது 2012 இல் வெளியானது. வேறு சில இனவகைகள் ஆர்.டி-1 திடீர்மாற்றத்தால் இளமையிலேயே பார்வையிழப்பவை. கண்ணால் கண்ட அடையாளங்களைக் கொண்டு நீரில் வழி தேடும் நினைவாற்றல் சோதனையில் அத்தகைய சுண்டெலி தோற்றால், பார்வைக் குறையை நினைவுக் குறையாகக் கொள்ள நேரிடும். மூளையை ஆராய்வோர் முதலில் கண்ணையும் சோதித்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

நான்காவது அளவு வேறுபாடு. கிலோவிற்கு 2,000 மில்லிகிராம் என்பதை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நேரடியாகப் பெருக்கினால் நாளொன்றுக்கு 120 கிராம் ஆகும். இது பொருந்தாக் கணக்கு. உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு 12.3 ஆல் வகுக்கும் வழக்கமான முறைப்படி அது ஏறத்தாழ 9.8 கிராமாகவும், 550 மில்லிகிராம் அளவு ஏறத்தாழ 2.7 கிராமாகவும் அமைகின்றன. பின்னது மனிதச் சோதனையில் அளிக்கப்பட்ட 3 கிராமுக்கு நெருக்கமானது. இவ்வளவும் கூட அன்றாட உணவுத் தேவையைவிடப் பன்மடங்கு மிகுதி; உயர் அளவுகள் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். பி3 வைட்டமின் என்னும் ஒரே பெயரில் விற்கப்படும் நிக்கோட்டினிக் அமிலம் வேறு பொருள். முகம் சிவந்து எரிச்சலுண்டாதல் அதன் விளைவு. சுண்டெலியின் முடிவைப் படித்துவிட்டு மருத்துவர் அறியாமல் மாத்திரைகளை உட்கொள்வதோ, சொட்டு மருந்தை நிறுத்துவதோ தீங்காகும்.

முடிவுரை

அறுபட்ட ஆக்சான் ஊட்டமின்றி வாடுகிறது என்னும் பழைய கருத்து, அதன் அழிவை மரபணுக்கள் நெறிப்படுத்துகின்றன என்னும் கருத்துக்கு இடமளித்துள்ளது. ஊட்டமின்மையைத் தடுக்க வழியில்லை எனினும், ஒரு நொதியை அடக்கவோ ஒரு மூலக்கூறின் இருப்பைக் கூட்டவோ வழி தேடலாம். சார்ம்-1 நொதியைத் தடுக்கும் மருந்துகளை நோக்கிய முயற்சிகள் இவ்வடிப்படையிலேயே நிகழ்கின்றன.

விலங்கு மாதிரியின் மதிப்பு, அது மனித நோயை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதில் மட்டும் இல்லை. எவ்வினாவிற்கு அதனிடம் விடை பெற இயலும் என்பதைத் தெளிந்து வினவுவதிலும் உள்ளது. டி.பி.ஏ/2ஜே சுண்டெலி நோயின் தொடக்கத்தில் மனிதரிலிருந்து வேறுபடுகிறது. சிதைவின் போக்கில் மனிதருக்கு உதவும் குறிப்புகளைத் தருகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்து ஆராயும்போதே, அழுத்தம் குறைந்தபின்னும் பார்வையை இழந்துவருவோர்க்கு இவ்வாய்வுகள் பயன்படும்.